மூன்று பேருக்கும் ஒரே தப்பு

பிள்ளைகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்று யார் கேட்டாலும் அம்மா ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள். பாடத்தை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், பொய் சொல்லாமல் வாழ வீட்டில்தான் படிக்க முடியும். சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் இதுதான். மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரி சும்மா வாயைத் திறந்தால் அவளுக்கும் இதே பிரசங்கம்தான். கொஞ்சம் தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இரண்டு அறை வீட்டில் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சமைத்து, துவைத்து, பாடமும் நடத்துகிறவளுக்கு அந்த அளவு தலைக்கனமாவது வேண்டாமா?

சாப்பாட்டு மேஜைதான் பள்ளிக்கூடம். காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் தட்டுகள் போகும், நோட்டுகள் வரும். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, நடுவளுக்குப் பத்து, சின்னவனுக்கு எட்டு. மூன்று வயதுப் பாப்பா மேஜைக்கு அடியில் குடியிருந்தாள். மேலேயிருந்து விழுகிற பென்சிலும் ரப்பரும் அவளுக்குச் சொந்தம். மூன்று வகுப்பை ஒரே நேரத்தில் நடத்த அம்மாவுக்கும் ஒரு வாய்தானே? அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அம்மா பெரியவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள், பெரியவள் நடுவளுக்கு, நடுவள் சின்னவனுக்கு. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தால் தான் படித்தது மறக்காது என்பது அவள் கட்சி. அந்த நேரத்தில்தான் அவளால் துணி உலர்த்த முடிந்தது என்பதும் உண்மை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை அத்தை வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். தம்பி பிள்ளைகள் வீட்டிலேயே படிப்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தொண்டையில் முள். வந்த அத்தை சும்மா வரவில்லை, கழித்தல் கணக்காக ஒரு தாள் எழுதி மூன்று பிரதி எடுத்து வந்திருந்தாள். எட்டு வயதுக்கு மேல் யாரும் போட வேண்டிய கணக்குதான் என்று சொல்லி மூன்று பேரையும் மேஜையில் உட்காரவைத்தாள். அம்மா தேநீர் போடப் போனாள். பயம் ஒன்றும் இல்லை. என் பிள்ளைகள் போட்டுக் காட்டட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குஷிகூட இருந்தது.

அத்தை சிவப்புப் பேனாவால் திருத்தி முடித்துவிட்டு, பிள்ளைகளைப் பால்கனியில் விளையாடச் சொன்னாள். தாள்களை வரிசையாக வைத்தாள். முக்கால்வாசிக் கணக்கு சரி. தப்பான கணக்குகள் மூன்று தாளிலும் ஒன்றேதான். 403-லிருந்து 178-ஐக் கழித்தால் 225 வர வேண்டும். பெரியவளுக்கு 135. நடுவளுக்கு 135. சின்னவனுக்கும் 135.

“தப்பு யாருக்கும் வரும். மூணு பேருக்கும் ஒரே தப்பு வந்தா எங்க பள்ளிக்கூடத்துல அதுக்கு ஒரு பேர் இருக்கு” என்றாள் அத்தை. “அந்தப் பேரை நான் சொல்லி நீ கேக்க வேணாம்.”

“என் பிள்ளைங்க பாத்து எழுத மாட்டாங்க, அண்ணி.”

அத்தை தாள்களைத் தம்பியிடம் நகர்த்தினாள். மாத முடிவு வரை சேர்க்கை உண்டு, தலைமை ஆசிரியரிடம் நானே பேசுகிறேன் என்றாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக், நாள் முழுக்க யாராவது நடுமாடியில் மாட்டிக்கொண்டு கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவர், வீட்டில் சத்தம் பிடிக்காது. பார்க்கலாம் அக்கா என்றார். அவர் பார்க்கலாம் என்றால் முக்கால்வாசி சரி என்று அர்த்தம்.

அத்தையை நல்ல டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அன்று அவள் கணக்குப் பார்க்க வரவில்லை, களவு பார்க்க வந்தாள். அவள் போகும்போது அந்தக் கண்ணை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள் என்பதுதான் கொடுமை.

பள்ளிக்கூடத்துக்குப் போவதுகூட அம்மாவுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. என் பிள்ளைகள் திருடர்களா? தினமும் இரண்டு வேளை முழங்கால் போட்டு ஜெபிக்கிற பிள்ளைகள், என் எதிரிலேயே ஏமாற்றுகிறார்களா? இதுதான் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது. திங்கட்கிழமை தானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். பெரியவள் சமையலறையில், நடுவள் படுக்கையறையில், சின்னவன் பால்கனியில். மூன்று கதவும் சாத்தியாயிற்று. 602-லிருந்து 247 போனால் எவ்வளவு? சரியான விடையைக் கைபேசியில் தட்டி வைத்துக்கொண்டாள், 355. அத்தை விஷயத்தில் எதையும் மனக்கணக்கில் விட அவள் தயாராக இல்லை.

மூன்று சீட்டும் வந்தன. மூன்றிலும் 265.

சாதாரண மனுஷி என்றால் இங்கே கொஞ்சம் நின்று யோசித்திருப்பாள். சந்தேகம் பிடித்தவளுக்கு யோசிக்க எங்கே நேரம்? கதவு சாத்தியிருந்தும் ஒரே தப்பு வருகிறதென்றால், கதவைத் தாண்டிப் போகிற வழி ஒன்றை இதுகள் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன என்றுதான் அவளுக்குப் பட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பெரியவள் கணக்குப் போடும்போது சபையில் பாடுகிற ஞானப்பாட்டு முணுமுணுப்பாள். ஏன் கணக்குக்கு மட்டும் பாட்டு? எந்த இடத்தில் இழுக்கிறாள், எந்த இடத்தில் நிறுத்துகிறாள்? நடுவளுக்கு ஏன் அடிக்கடி இருமல் வருகிறது? சின்னவன் ஏன் எழுதும்போது காலால் தரையைத் தட்டுகிறான்?

மறுநாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பாட்டு நிறுத்தப்பட்டது. இருமினவளுக்குக் கஷாயம் கிடைத்தது. தட்டின காலுக்கு அடி கிடைக்கவில்லை, ஆனால் ஒரு பார்வை கிடைத்தது, அதற்கு அடியே தேவலை. கழிவறைக்குப் போனவனை வாசலில் நின்று கூட்டிவந்தாள். அறைக்கு அறை தடையில்லாமல் போய்வருகிற ஒரே ஆள் பாப்பா என்பது பொறி தட்டியதும், அவளைத் தூக்கி கவுன் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு பொத்தானும் பாதி பிஸ்கட்டும் விழுந்தன. பாப்பா பிஸ்கட்டை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

பிள்ளைகளுக்குப் புரியாமலா போகும்? அம்மா வரும் காலடி கேட்டால் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சை நிறுத்தியதைப் பார்த்து அம்மா, அதோ பார், மறைக்கிறார்கள் என்று நினைத்தாள். ஒருவரை ஒருவர் பார்க்கவே பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு நிமிரவா செய்யும் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்த மேஜையில் சிரிப்பு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று.

புதன்கிழமை மாலை ஜெபத்தில், அப்பா ஆமென் சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டில் யாரோ ஒரு பொய்யை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது வெளியே வரும்வரை கதை கிடையாது, விளையாட்டு கிடையாது என்றாள். கர்த்தருக்கு எல்லாம் தெரியும், எனக்கும் தெரியவேண்டும் என்றாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா தொண்டையைச் செருமிவிட்டு வேதாகமத்தை மூடி வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. சாப்பாடு இறங்கிய சத்தம்தான் வீட்டில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவன் வந்து பக்கத்தில் நின்றான். சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“நான்தாம்மா பாத்து எழுதினேன்” என்றான்.

அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாக யாருக்கும் கிடைக்காத அணைப்பு அவனுக்குக் கிடைத்தது. நீ சொன்னதே போதும், அம்மா மன்னித்துவிட்டேன், ஆண்டவரும் மன்னித்துவிட்டார் என்று நெற்றியில் முத்தமிட்டாள். சாயங்காலம் அப்பா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இரவுச் சாப்பாட்டில் அவனுக்கு முதல் தட்டு. அன்றைக்கே அத்தைக்கும் போன் போட்டாள். ஆமாம் அண்ணி, பார்த்துத்தான் எழுதியிருக்கிறான், ஆனால் யாரும் அடிக்காமல் மிரட்டாமல் தானாக வந்து ஒப்புக்கொண்டான், உங்கள் பள்ளிக்கூடத்தில் இது நடக்குமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் அத்தை போனை வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அது வெற்றி போலவே இருந்தது.

ஆனால் சந்தேகம் ஒரு வாய் தின்றால் அடங்கிவிடுகிறதா? ஒருவன் ஒப்புக்கொண்டான், மிச்சம் இரண்டு பேர்? சனிக்கிழமை காலையில் பெண்கள் இருவரையும் மேஜையில் எதிரே உட்காரவைத்தாள். தம்பிக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இல்லையா என்று ஆரம்பித்தாள். நடுவள் உடனே அழுதுவிட்டாள். பெரியவள் அழவில்லை.

“அம்மா, அன்னைக்கு நான் சமையலறையில இருந்தேன். அவன் பால்கனியில இருந்தான். கதவு சாத்தியிருந்தது. அவன் எதைப் பாத்து எழுதினான்?”

எதிர்க்கேள்வி கேட்கிற வயசா இது, மனசைக் கடினப்படுத்திக்கொள்ளாதே என்று அம்மா அதட்டினாள்.

“எனக்கு ஒரு கணக்கு குடுங்க. பக்கத்துலயே உக்காருங்க. என் கையை மட்டும் பாருங்க.”

அம்மா 403-ஐ எழுதி, அதற்குக் கீழே 178-ஐ எழுதினாள். நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையில் வேறு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. பெரியவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். மூன்றில் எட்டு போகாது. பக்கத்தில் சுழி, அதனிடம் ஒன்றும் இல்லை, நேரே நாலிடம் போய் ஒன்று கடன் வாங்க வேண்டும். நாலு மூன்றாயிற்று. பதின்மூன்றில் எட்டு போனால் ஐந்து. சுழியில் ஏழு போகாது, மறுபடியும் மூன்றிடம் ஒன்று கடன். பத்தில் ஏழு போனால் மூன்று. மிச்சம் இரண்டு, அதில் ஒன்று போனால் ஒன்று. 135.

எங்கும் பார்க்கவில்லை. பாடவில்லை, இருமவில்லை. அம்மாவின் கண் முன்னால், அந்தக் கையிலிருந்துதான் அந்தத் தப்பு வந்தது.

“யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தா?”

“நீங்கதாம்மா.”

அப்படி இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே பென்சிலைப் பிடுங்கினாள், சரியாகப் போட்டுக் காட்டுவதற்காக. மூன்றில் எட்டு போகாது. பக்கத்தில் சுழி. அவள் கை தானாகவே சுழியைத் தாண்டி நாலுக்குப் போயிற்று. போட்டு முடித்தாள். 135. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். 135. கைபேசியில் தட்டினாள், 225 என்றது. முகத்தில் ஈயாடவில்லை.

நாலிடம் வாங்குவதை முதலில் சுழிக்குத்தான் கொடுக்க வேண்டும், சுழி பத்தாகி அதிலிருந்து ஒன்றை மூன்றுக்குத் தர வேண்டும், சுழியிடம் ஒன்பது மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சிறுவயதில் எந்த வகுப்பிலோ தூங்கிவிட்டாள், பிறகு வாழ்நாள் முழுக்கக் கடைக்காரரின் மெஷின் கழித்துக் கொடுத்தது. சொந்தமாகக் கணக்கு எழுதி, சொந்தமாகவே திருத்தி, சரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து பெரியவளுக்கு, அவளிடமிருந்து நடுவளுக்கு, அவளிடமிருந்து சின்னவனுக்கு. மூவரும் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

அம்மா இரண்டு பெண்களையும் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் ஒரு பக்கம் நெஞ்சில் பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. என் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை! அத்தைக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று கைபேசியை எடுத்தவள், அதைச் சொல்ல வேண்டிய முதல் ஆள் பால்கனியில் இருப்பதை நினைத்துக்கொண்டாள்.

சின்னவன் பாப்பாவோடு சேர்ந்து அட்டைப்பெட்டியில் கப்பல் செய்துகொண்டிருந்தான். அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

“கண்ணு, நீ யாரையும் பாத்து எழுதலைதானே?”

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் அந்த முகத்துக்கு வேண்டும் என்று தேடுகிற பார்வை அது.

“எழுதினேம்மா.”

“எங்க இருந்து பாத்த?”

“ஜன்னல் வழியா. அக்கா நோட்டை.”

பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவில் ஜன்னலே கிடையாது. இவ்வளவு நாள் எந்தப் பொய்யை வீடு முழுக்கத் தேடினாளோ, அது நேற்றுதான் அந்த வீட்டுக்குள் முதல் முறையாக வந்திருந்தது. அதைக் கூட்டிவந்தவள் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தப்பெல்லாம் அம்மா மேல்தான், நீ எதையும் பார்த்து எழுதவில்லை, நீ ஒன்றுமே செய்யவில்லை, உண்மையைச் சொல்லு போதும், அம்மாவுக்குக் கோபமே இல்லை என்று அழுதுகொண்டே சொன்னாள்.

அம்மா அழுவதைப் பார்த்ததும் அவனுக்கும் உதடு துடித்தது. நேற்றுப் போல இன்று அணைப்பு கிடைக்கவில்லை, அம்மா அழுகிறாள், ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரிந்தது.

“அப்ப வேற என்ன செஞ்சேன்னு சொல்லணும்மா?” என்று கேட்டான்.