எங்கடை ஆக்கள் இல்லாத ஊர்

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கப் போவதில்லை. ஆட்களைப் பார்க்கத்தான் போவார்கள். எனக்கும் விக்னராஜாவுக்கும் கல்யாணமாகி இருபத்துநான்கு வருடம். அதற்குள் ஐந்து முறை வெளிநாடு போயிருக்கிறோம். டொரொன்டோவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, ஒரு அறுபதாம் பிறந்தநாள். லண்டனில் ஒரு கல்யாணம், ஒரு செத்தவீடு. பாரிசில் ஒரு வீடு குடிபூரல். பாரிசில் எட்டு நாள் நின்றும் அந்தக் கோபுரத்தை ஓடும் காருக்குள் இருந்துதான் பார்த்தேன். இறங்கிப் பார்த்தால் மச்சாளின் சம்பந்தி வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திவிடுமாம்.

பார்சல் கதை வேறு. சிட்னியில் நாங்கள் இருக்கும் கிரவீனில் ஒருத்தி விமானம் ஏறப்போகிறாள் என்று தெரிந்தால் போதும், வாசலில் மணி அடிக்கத் தொடங்கிவிடும். தைத்த சட்டை, மீன் எண்ணெய்க் குளிசை, யாருக்கோ யாரோ எடுத்த கல்யாணப் படத்தின் அல்பம். "பெரிய பாரமில்லைப் பிள்ளை, ஒரு கிலோதான்." எல்லாருடைய ஒரு கிலோவும் போன பிறகு பெட்டியில் மிஞ்சும் இடத்தில்தான் என் உடுப்பு.

போன வருடம் மே மாதம் லண்டனில் என் தம்பி மகளின் கல்யாணம். ரயில்வேயில் எஞ்சினியராக இருக்கும் விக்னராஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன். போவதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட்டேன். ஞாயிறு இரவு சிட்னிக்குத் திரும்புகிறேன் என்று தம்பி வீட்டில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமைதான் டிக்கெட் கிடைத்தது என்று விக்னராஜாவிடம் சொன்னேன். நடுவில் ஆறு நாள். அதை நான் திருடினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

எங்கே போவது? இத்தாலியில் சித்தப்பாவின் பிள்ளைகள். ஜெர்மனியில் மாமி. நோர்வே, டென்மார்க், சுவிஸ் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு காத்திருப்பார். ஸ்பெயினில் மட்டும் எவ்வளவு யோசித்தும் ஒருவரும் இல்லை. அந்த ஒரு தகுதிக்காகத்தான் ஸ்பெயினைத் தெரிவுசெய்தேன். அழகுக்காக இல்லை. அழகு பிறகு தெரிந்தது.

காடிஸ் என்று ஒரு பழைய துறைமுக ஊர். மூன்று பக்கமும் கடல். மூன்றாம் மாடியில் ஓர் அறையும் ஒரு துண்டுச் சமையல் இடமும் எடுத்தேன். வீட்டுக்காரி மேசையைக் காட்டித் தன் பாஷையிலும் மேசை என்றாள், சமையலறையைக் கிட்டத்தட்ட எங்கள் குசினி என்றே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாவியைத் தந்துவிட்டுப் போனவள் பிறகு ஆறு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைகளைப் பூட்டிவிட்டு ஊரே படுத்தது. நானும் படுத்தேன். காய்ச்சல் இல்லாமல் பகலில் படுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். பின்னேரம் கடற்கரைக்கு வயதான பெண்கள் மடக்குக் கதிரைகளோடு வந்து வட்டமாக இருந்து பிங்கோ விளையாடுவார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி தன் பையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு ஒரு கதிரையைக் காலியாக்கினாள். எந்த ஊர், ஆருடைய மகள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ஏன் தனியாக வந்தாய், ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு அட்டையை மட்டும் நீட்டினாள்.

நான் அந்த நாட்டின் மேல் காதல் கொண்டேன் என்றால் ஐம்பது வயதில் இது என்ன கூத்து என்று நினைப்பீர்கள். நினையுங்கள். ஒரு மனுசியை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருக்க விடுகிற ஊர் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

நான்காம் நாள் சந்தையில் அவனைப் பார்த்தேன். மீன் விற்கும் தட்டில் வேலை. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பெரிய சூரை மீனைப் பிளந்துகொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பொடியன் எங்கள் ஆள் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. என் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியை அவனும் பார்த்துவிட்டான்.

எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டான். மொரீஷியஸ் என்றேன். நீங்கள் என்றேன். மாலைதீவு என்றான். இரண்டு பேரும் பச்சைப்பொய் சொல்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. எனக்கும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்து ஒருவரை ஒருவர் தோண்டித் துருவாமல் விட்ட முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த நாளும் மீன் வாங்கினேன். கடைசி நாள் அவன் கத்தி வழுக்கியது. என்னை அறியாமல் "கவனம்!" என்று கத்திவிட்டேன். "ஓம்" என்றான், விரலைப் பார்த்தபடி. காயம் இல்லை. மீனைச் சுற்றித் தந்துவிட்டு, மிச்சக் காசையும் தந்துவிட்டு, மெல்ல, எங்கள் ஊர்த் தமிழில் போய்வரச் சொன்னான்.

"போட்டு வாங்கோ அன்ரி."

அவ்வளவுதான். பெயரும் தெரியாது. விமானத்தில் சிட்னி வரைக்கும் அழுதேன். மாப்பிள்ளை எப்படி என்று விக்னராஜா கேட்டார். நல்ல பிள்ளை என்றேன். அடுத்த மே மாதத்துக்கு என்ன பொய் சொல்லலாம் என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

நாங்கள் மெல்பேர்னில் இருந்து சிட்னிக்கு மாறி இரண்டு வருடம்தான். கிரவீனில் முதலில் பழக்கமானவர் அடுத்த தெருச் சிவமணி அக்கா. கணவர் இல்லை, அறுபத்தாறு வயது, சுத்த சைவம், வாய் கொஞ்சம் நீளம். நான் வேலை செய்யும் பிளாக்டவுன் மருந்துக்கடையில்தான் பிரஷர்க் குளிசை எடுப்பார். மகன் ஒருவன் வெளிநாட்டில் என்று தெரியும். அதைப் பற்றி அவர் கதைக்கமாட்டார், நானும் கிண்டவில்லை. ஸ்பெயினில் இருந்து வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எப்போதும் குசினியில் இருந்துதான் கதைப்போம். அன்றைக்குச் சுவருக்கு வெள்ளை அடித்ததால் சாமான் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. கதிரை மேல் ஒரு பெரிய படம். பட்டமளிப்பு உடுப்பில் ஒருவன். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு.

காடிஸ் சந்தையில் மீன் தட்டுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்த அதே தழும்பு.

"மகன் சுபாங்கன்" என்றார் சிவமணி அக்கா. "கல்யாணத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்கை வேண்டாம் எண்டு போட்டுப் போயிட்டான். நாலு வருசமாச்சு. ஹோல் புக் பண்ணி, அறுநூறு பேருக்குக் காட் குடுத்து. எனக்கு வந்த கோவத்திலை, இனி என்ரை முகத்திலை முழிக்காதை எண்டு சொல்லிப்போட்டன். அவன் சொன்னதைக் கேக்கிற பிள்ளை."

நான் படத்தை விட்டுப் புது வெள்ளை அடித்த சுவரைப் பார்த்தேன்.

"ஒரேயொரு மெசேஜ் வந்தது. ஸ்பெயின் நம்பர். சுகமா இருக்கிறன், தேடாதேங்கோ எண்டு. பிறகு அந்த நம்பரும் வேலை செய்யேல்லை." படத்தின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "லண்டன், கனடா எண்டா ஆரையும் கேட்டிருப்பன். அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையாமே, பிள்ளை. ஆரைக் கேக்கிறது?"

எனக்கு எது சொர்க்கமோ, அதுவே அவருக்கு இடி. அன்று ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எந்த நாடு என்பதற்கு மேல் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அது ஒரு வாக்கு மாதிரித்தான். நான் ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கிழமையே சிவமணி அக்கா விமானம் ஏறுவார், கூட இரண்டு தங்கச்சிமாரும் ஏறுவார்கள், வாட்சப்பில் அரைக் கிரவீனும் ஏறும். அந்தப் பிள்ளை கத்தியைப் போட்டுவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஓடுவான். இது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணமும் ஒன்று உண்டு. சொன்னால், நான் எப்போது எப்படி ஸ்பெயினுக்குப் போனேன் என்றும் சொல்லவேண்டி வரும். என் ஆறு நாளும் போய்விடும், இனி வரப்போகிற ஆறு நாளும் போய்விடும். எந்தக் காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று என்னையே கேட்டால் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

பெப்ரவரியில் மருந்துக்கடைக் கணினியில் சிவமணி அக்காவின் பெயர் சிவப்பாக நின்றது. இரண்டு மாதமாகக் குளிசை எடுக்கவில்லை. வேலை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பிரஷரைப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"என்ன அக்கா இது, விளையாட்டோ? ஏன் குளிசை போடேல்லை?"

"ஆருக்காகப் போட?" என்றார். அழவில்லை. கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

அன்று பின்னேரம் விக்னராஜா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதலே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி வீட்டுப் பொய், டிக்கெட் பொய், காடிஸ், பிங்கோ, மீன்.

சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டினார். "கேட்டிருந்தா நானும் வந்திருப்பனே" என்றார்.

"தெரியும்."

"அப்ப, நான் வேண்டாம் எண்டுதானே போனனீர்?"

இவ்வளவு பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று சொல்வது பெரிய வேலை இல்லை. ஆனால் முடியவில்லை. "அந்த ஆறு நாளுக்கு, ஓம்" என்றேன். அவர் எழும்பிப் போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, "அந்த மனுசிக்குச் சொல்லிப்போட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். அன்று சனிக்கிழமை. குளிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

சிவமணி அக்காவைக் குசினிக் கதிரையில் இருத்திவிட்டுச் சொன்னேன். "அக்கா, போன மே மாசம் நான் ஸ்பெயினுக்குப் போனனான். சுபாங்கனைப் பாத்தனான். அப்ப எனக்கு ஆர் எண்டு தெரியாது. உங்கடை வீட்டிலை படத்தைப் பாத்தாப் பிறகுதான் தெரியும். தெரிஞ்சும் இவ்வளவு நாள் சொல்லேல்லை. என்னை ஏசுங்கோ."

அவர் ஏசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் பிரஷர் பார்க்கும்போது பிடிக்கிற மாதிரி, இறுக்கி.

"மெலிஞ்சு போனானோ?"

"இல்லை. தோள் நல்லா அகண்டிருக்கு."

"என்ன வேலை?"

"சந்தையிலை."

"மரக்கறிதானே சாப்பிடுறான்?"

"நல்லாச் சாப்பிடுறார், அக்கா."

"ஆரோடை இருக்கிறான்? கலியாணம் கட்டினானோ?"

"நான் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ!" முகம் சிவந்துவிட்டது. "என்ரை பிள்ளையைக் கண்ணாலை கண்டு, ஒரு வார்த்தை கேக்காமல் வந்தனீரோ? என்ன மனுசி நீர்?"

"கேட்டிருந்தா அடுத்த நாள் அவர் அங்கை நிண்டிருக்கமாட்டார், அக்கா."

பிடி தளர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டும் மெசினை நிறுத்தினான்.

"சிரிச்சானோ?"

"சிரிச்சவர். எனக்குப் போட்டு வாங்கோ எண்டும் சொன்னவர்."

அதற்குத்தான் அழுதார். நான் முதுகைத் தடவிவிட்டேன். அழுது முடியட்டும், பிறகு சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் ஊர், என் கடற்கரை, எல்லாம் போனால் போகட்டும். இந்தத் தாய்க்கு இல்லாத ஊர் எனக்கு என்னத்துக்கு?

"அக்கா, அந்த ஊருக்குப் பேர்..."

அவருடைய கை என் வாயைப் பொத்தியது. வெங்காய மணம்.

"சொல்லாதை பிள்ளை. சொன்னா நான் நாளைக்கே போயிடுவன். நான் போனா அவன் அங்கையிருந்தும் ஓடீடுவான்."

கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். "இனியும் போவீரோ?"

"தெரியாது அக்கா. இவருக்குத் தெரிஞ்சு போச்சு. மனம் நொந்துபோய் இருக்கிறார்."

"அவரையும் கூட்டிக்கொண்டு போம். அந்தாள் கடலைப் பாத்துக்கொண்டிருக்கட்டும். நீர் சந்தைக்குப் போய் என்னத்தையும் வாங்கும். அவனைப் பாரும். திரும்பி வாரும். ஒண்டும் கேக்காதையும்." கொஞ்சம் நிறுத்தினார். "பார்சல் ஒண்டும் தரமாட்டன்."

குளிசைப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, ஒன்றை உடைத்து எடுத்து நாக்கில் வைத்தார். தண்ணீர்ச் செம்பைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.