பிளாத்தான் மரத்தைச் சுற்றிய வட்டம்

கிரேக்க நாட்டு வட எல்லையில், நெமெர்ச்கா மலையின் வெண்பாறை முகடுகளில் மேலைக் கதிரவன் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் ஒளி சொரிய, அடிவாரத்துக் கல்வீடுகள் பூட்டிய கதவுகளோடு கண்மூடிக் கிடக்க, பேத்ரோவ்ரிசி என்னும் சிற்றூரின் கோயில் முற்றத்தில் மட்டும் குழலோசை எழுந்து, சரிவில் மேயும் ஆடுகளைத் தலைநிமிரச் செய்தது. அன்று மரியன்னையின் பெருவிழா.

நன்னெஞ்சத்தீர், முற்றத்தின் நடுவே நிற்கும் பிளாத்தான் மரத்தைச் சுற்றி அவ்வூரார் அடுப்பு முறைப்படி, வீட்டுக்கு வீடு வரிசையாய்க் கைகோத்து ஆடுவர். முதற்கையும் கடைக்கையும் தொட்டு வட்டம் மூடிய பின்னரே அருட்தந்தை அப்பத்தை வாழ்த்திப் பிட்டுத் தருவார். முன்னாளில் மூன்று வட்டம் மூடிய ஊர் அது. தொடர்வண்டி செருமனிக்கும், கப்பல் ஆத்திரேலியாவுக்கும் மக்களை அள்ளிச் சென்றபின் ஒரு வட்டமே அரிதாயிற்று. “இந்த வருசம் மூடலேன்னா கைக்குட்டையைப் பெட்டியில போட்டுடுவேன். இனி ஆட்டம் கிடையாது” என்றிருந்தார், பேருந்து ஓட்டி ஓய்ந்தவரும், கைக்குட்டை வீசி வரிசையின் முதலில் ஆடும் ஆட்டத் தலைவருமான ஸ்தேர்கியோஸ். கடல்கடந்த உறவினர் அனைவரையும் தொலைபேசியில் கெஞ்சி அழைத்தார், வந்தவர் சிலரே.

பெயர்ந்து போனோரின் பிரிவு, எஞ்சினோரின் உடலசைவில் எவ்வாறு தங்குகிறது என்று ஆராயும் அரேத்தி, படக்கருவியோடு யோவானினா நகரினின்று வந்திருந்தாள். இலையுதிர் காலத்தில் அரங்கேறவிருந்த அவளது ஆடல்நாடகம், மூடாத வட்டம் ஒன்றோடு முடிவதாய் இருந்தது. அந்த இடைவெளியைப் பதிவு செய்யவே வந்தாள். அவ்விடைவெளி வாய்க்க வேண்டுமென உள்ளூர விரும்பவும் செய்தாள்.

ஆட்டம் தொடங்கியது. மரத்தைச் சுற்றி வந்த வரிசை, ஓராள் அகலத்துக்கு எட்டாமல் நின்றது.

“இன்னும் நீட்டும்மா கையை!” என்றார் ஸ்தேர்கியோஸ்.

“இதுக்கு மேல நீட்டினா கை கழண்டுடும்ணே” என்றாள் வரிசைக் கடையில் நின்ற தங்கை கல்லிரோயி. “மரத்தைக் கொஞ்சம் செதுக்கிப் பாரு.”

சிரித்தவர்கள் அவர் முகம் கண்டு அடங்கினர். அவர் கைக்குட்டையை மெல்ல மடிக்கத் தொடங்கினார்.

ஆடுவோரின் பாதங்களையே பின்தொடர்ந்த அரேத்தியின் படக்கருவியில், வட்டத்துக்கு வெளியே, அப்பக்கூடையின் கீழே, வேறு இரு பாதங்கள் தாளம் பிசகாது அசைவது தென்பட்டது. டஃபினா! எல்லை திறந்த குளிர்காலத்தில் ஆயிரவரோடு பனிமலை கடந்து அல்பேனியாவிலிருந்து வந்து, இவ்வூர் வீடுகளில் வேலை செய்து வாழ்பவள். ஆண்டுதோறும் கூடை ஏந்தி நிற்பவள். செருமனி வரை ஆள்தேடிய ஊர், தன் முதுகுக்குப்பின் திரும்பிப் பார்த்ததில்லை. அரேத்தி வாய் மூடியிருந்தால் அவள் நாடகம் பிழைக்கும். பேசினால் வட்டம் பிழைக்கும். அரேத்தி படக்கருவியை மதில்மேல் வைத்தாள்.

“ஐயா, மடிக்காதீங்க. அந்த அக்கா காலைப் பாருங்க. ஆட்டம் அங்கேயும் நடக்குது.”

ஸ்தேர்கியோஸ் தயங்கினார். “நம்ம அடுப்பு உள்ள வீட்டு ஆளுங்கதானே கை கோக்கணும்...”

“அடுப்பா?” கல்லிரோயி வெகுண்டாள். “பனிக்காலத்துல உன் வீட்டு அடுப்பை யாரு மூட்டுறா? அம்மா வாயில கடைசியா தண்ணி ஊத்தினது யாரு? நீயா?”

அவர் தலை தாழ்ந்தது. மடித்த துணியை விரித்து, அதன் நுனியை நீட்டினார். “வாம்மா டஃபினா. இவ்வளவு நாளா கூப்பிடணும்னு தோணல பாரு. மன்னிச்சுக்கோ.”

“அய்யோ, எங்க ஊர் வழக்கப்படி ஒரு எட்டு கூடுதலா வைப்பேன். மிதிச்சாத் திட்டாதீங்க.”

“நல்லா மிதி தாயி! அண்ணன் காலு மிதிபட்டு நாளாச்சு” என்றாள் கல்லிரோயி.

கூடை அரேத்தியின் கைக்கு மாறியது. ஒரு கையில் கல்லிரோயியையும் மறுகையில் கைக்குட்டை நுனியையும் பற்றி டஃபினா நிற்க, வட்டம் மூடியது. வரிசைக் கடையில் நிற்போர்க்கே முதல் துண்டு என்பது முறையாதலின், அருட்தந்தை அப்பத்தைப் பிட்டு டஃபினாவிடம் தந்தார். தான் விடியலில் எழுந்து சுட்ட அப்பத்தின் முதல் துண்டை அன்றுதான் அவள் உண்டாள். பாதியைப் பிட்டுக் கூடை ஏந்தி நின்ற அரேத்தியின் வாயில் வைத்தாள்.

முடிவை இழந்த நாடகத்தை எண்ணி அரேத்தி வருந்தவில்லை. போனோரைக் காக்கவும் வந்தோரை விட்டுவிடாதிருக்கவும் இறைவன் ஒருவனே இரு கைகளையும் நீட்டுகின்றான் என்று நன்றி பெருகி நின்றாள். மலைமுகட்டில் எஞ்சிய ஒளி, எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றுபோலவே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.