ஓரத்தை இழுக்கும் லென்ஸ்

சமையலறைச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி அதைப் படம் எடுக்கிற பெண்ணைச் செர்பியாவின் உஷிட்சே நகரத்தில் எல்லாருக்கும் தெரியும். யாகொதாவின் கைக்குப் புது லென்ஸ் வந்துவிட்டது என்றால் அந்தச் சுவருக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். தாளின் மூலையில் இருக்கும் பொடி எழுத்து தெளிவாக விழுகிறதா, நேர்கோடு வளையாமல் நிற்கிறதா என்று மணிக்கணக்கில் பார்ப்பாள். கல்யாண வீடுகளில் அவளைப்போல நிதானமாகப் படம் எடுக்க ஆள் கிடையாது. லென்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. அதைச் சொன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

இந்த முறை கிறுக்குக்குக் காரணம் இருந்தது. அண்ணன் மகன் ஓக்னெனுக்குக் கல்யாணம், அதுவும் மலைமேல் இருக்கிற மரத் தேவாலயத்தில். உள்ளே நாலு பேர் வரிசையாக நின்றால் ஐந்தாவது ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஜன்னல் என்ற பெயரில் இரண்டு பொந்து இருக்கிறது. பாதிரியாரோ ஃப்ளாஷ் அடித்தால் ஜெபத்தை நிறுத்திவிட்டு முறைக்கிற மனுஷன். போன வருஷம் அங்கே ஒரு கல்யாணத்தில் யாகொதாவின் பழைய லென்ஸ் காலை வாரிவிட்டது. மணமக்கள் கிரீடத்தோடு பீடத்தைச் சுற்றி வந்த படம் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் பார்த்து அழுதாள். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் அப்படி நடக்கவிடக் கூடாது என்று யாகொதா வைராக்கியமாக இருந்தாள்.

பெல்கிரேடில் லென்ஸ் கடை வைத்திருக்கும் பாவ்லே, பழைய வாடிக்கை என்பதால், இரண்டு லென்ஸ்களைக் கொடுத்தனுப்பியிருந்தான். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். இரண்டுமே ஃபாஸ்ட் லென்ஸ், மெழுகுவர்த்தி வெளிச்சமே போதும். ஒன்று இருபத்துநாலு மில்லிமீட்டர். நடுவில் நிற்பவரையும் ஓரத்தில் நிற்பவரையும் ஏறக்குறைய உள்ளபடியே காட்டும். மற்றது பதினாறு. ரொம்ப அகலமாகப் பார்க்கும்; ஒரு முழம் தள்ளி நின்றுகூட மொத்தக் கூட்டத்தையும் வளைத்துவிடும். ஆனால் ஓரத்தில் யார் நின்றாலும் அவரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, மாவு பிசைந்த மாதிரி அகலப்படுத்திவிடும்.

செர்பியக் கல்யாணத்தில் ஓரத்தில் நிற்பது யார்? கூம். மணமகனுக்குச் சாட்சியாக நிற்பவர், பிறகு பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைப்பவர். சொந்த மாமனைக்கூடக் கோபித்துக்கொள்ளலாம், கூமைக் கோபித்துக்கொள்ள முடியாது. அவரைப் படத்தில் தவளையாக்கிவிட்டு அந்த ஊரில் யாரும் தலைநிமிர்ந்து நடக்கமுடியாது. ஆகவே யாகொதா இருபத்துநாலு என்று முடிவு பண்ணி, பதினாறைப் பெட்டியில் வைத்துக் கட்டியும் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூம் ராதிசாவ் மனைவி ரூஷாவோடு வந்தார். ஓக்னெனின் அப்பாவுக்கு இவருடைய அப்பா கூமாக நின்றவர், ஓக்னெனுக்கு இவர். ஒரு காலத்தில் ராதிசாவ் நுழைந்தால் வாசல் அடைத்துக்கொள்ளும். இப்போது கோட்டுதான் நடந்து வந்தது, உள்ளே ஆளைத் தேட வேண்டியிருந்தது. புற்றுநோய். இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போதெல்லாம் அவரிடம் யாரும் பேச்செடுப்பதில்லை.

"உக்காருங்க கூமே, அசையாதீங்க. நீங்க அந்தப் பக்கம், ரூஷாக்கா இந்தப் பக்கம்" என்று யாகொதா மேஜையின் இரு முனைகளில் அவர்களை உட்காரவைத்தாள். மனுஷர்களை வைத்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கட்டின பெட்டியையும் பிரித்தாள். இரண்டு லென்ஸிலும் மாற்றி மாற்றி எடுத்தாள்.

"சுவரு லீவுல போயிருச்சா, எங்களைப் புடிச்சிட்ட?" என்றார் ராதிசாவ். ரூஷா வழக்கம்போலக் கையால் முகத்தை மறைத்தாள். பருத்த உடம்பு என்று அவளுக்கு வாழ்நாள் முழுக்கக் கூச்சம். எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் அவளுடைய தலைமுடிதான் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் தெரியும்.

காபி ஆறுவதற்குள் ராதிசாவ் விஷயத்துக்கு வந்தார்.

"யாகொதா, உங்க அண்ணன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நீ சொல்லிரு. நான் நிக்கல. வேற ஆளைப் பாத்துக்குங்க."

யாகொதா கேமராவைக் கீழே வைத்தாள். "என்ன கூமே பேசறீங்க? நிக்க முடியலைன்னா நாற்காலி போடச் சொல்றேன்."

"நிக்க முடியும். அது இல்ல." அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சட்டைக் காலருக்குள் இன்னொரு கை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. "அந்த ஆல்பம் அம்பது வருஷம் அந்த வீட்ல இருக்கும். நாளைக்குப் பிள்ளைங்க பொறந்து பாக்கும். மாப்பிள்ளை பக்கத்துல யாரு இந்தப் பொணம்னு கேக்கும். அந்தப் பையனுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்."

சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டார். ஓக்னென் வேறு ஒருவரைக் கூமாக ஏற்கமாட்டான் என்று யாகொதாவுக்குத் தெரியும். இந்த மனுஷனுக்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தால் அப்புறம் மிச்சம் ஒன்றுமில்லை என்பதும் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று, எடுத்த படங்களைக் கணினியில் போட்டாள். ரூஷா பின்னால் வந்து நின்றாள்.

முதலில் இருபத்துநாலில் எடுத்தது. ராதிசாவ் இருந்தபடியே இருந்தார், ஒட்டின கன்னத்தோடு. அடுத்தது பதினாறு.

ரூஷா "ஐயோ" என்றாள். அங்கே, மேஜையின் ஓரத்தில், பழைய ராதிசாவ் உட்கார்ந்திருந்தார். கன்னம் நிறைந்திருந்தது. தோள் அகன்று, கோட்டு தைத்தவன் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது.

"இது எந்த லென்ஸு?"

"திருப்பி அனுப்பப் போறது, அக்கா. ஓரத்துல இருக்கறவங்களை இழுத்துக் குண்டாக்கிடும். நம்பாதீங்க."

"மத்ததைத் திருப்பி அனுப்பு."

"அக்கா, உங்களையும் பாருங்க." யாகொதா தயங்கிக்கொண்டே படத்தின் மறு ஓரத்தைக் காட்டினாள். அங்கே ரூஷா முகத்தை மறைத்த கையோடு, ரொட்டி அடுப்பு கணக்காக அகன்று கிடந்தாள். "கல்யாணத்துலயும் நீங்க ரெண்டு பேரும் ரெண்டு ஓரம். மணமக்கள் நடுவுல. அவரை இழுத்தா உங்களையும் இழுக்கும். நீங்க வேணா பொண்ணுக்குப் பின்னால..."

"அவர் மட்டும் பெருத்து நான் அப்படியே இருந்தா கண்டுபுடிச்சிருவாரு. கல்யாணப் படத்துல ரெண்டு பேரும் பெருத்திருந்தா சாப்பாடுன்னு நினைச்சுக்குவாரு" என்றாள் ரூஷா. "அந்தப் படத்தை ஒண்ணு போட்டுக் குடு. என்னை வெட்டிட்டு. இப்பவே என்னைப் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்."

அந்தப் பிரிண்ட்டை அவள் கணவனின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"நானா இது?"

"பின்ன யாரு, மேயரா? இப்ப எடுத்தது. சூப்பு குடிங்க, குடிங்கன்னு நான் கத்தறது வீணாப் போகல. உங்க குளியலறைக் கண்ணாடியைத் தூக்கி எறியணும்."

ராதிசாவ் அதை வெகுநேரம் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். "சரி, கோட்டை இஸ்திரி போடு" என்றார்.

இருபத்துநாலு திரும்பி வந்ததும் பாவ்லே போன் பண்ணினான். "அந்தப் பதினாறையா வச்சுக்கிட்டீங்க? சுவத்துல பேப்பர் ஒட்டிப் பாக்கலையா? ஓரம் இழுக்குமே!"

"பாத்தேன். இழுக்குது. அதான் வேணும்" என்றாள் யாகொதா.

கல்யாணத்தன்று யாகொதா தேவாலயத்துக்குள் மண்டியிட்டு, மணமக்களின் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி இடம் பிடித்தாள். மணமகன் பக்கத்தில் ராதிசாவ். மணமகள் தியோதோராவின் பக்கத்தில் ரூஷா. நாலு பேர் கையிலும் மெழுகுவர்த்தி. கேமராவுக்குள் பார்த்தபோது யாகொதாவுக்கு மனசு கேட்கவில்லை. தலைமுறைக்கும் நிற்கப்போகிற படம். "ரூஷாக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி வந்துருங்களேன்" என்று கிசுகிசுத்தாள்.

ரூஷா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிறகு வேண்டுமென்றே அரை அடி வெளியே, இன்னும் ஓரத்துக்குத் தள்ளி, முகத்தை நிமிர்த்தி நின்றாள். யாகொதாவுக்குக் கண் நிறைந்து, முதல் இரண்டு படம் ஆடிப்போயிற்று.

ஆல்பம் தயாரானபோது ராதிசாவ் படுக்கையை விட்டு அதிகம் எழுவதில்லை. யாகொதாவே கொண்டுபோனாள். ரூஷா தலையணையை நிமிர்த்தி வைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாலு பேரும் நிற்கிற படத்தில் அவர் விரல் நின்றது. முகங்களில் வைக்கவில்லை, மெழுகுவர்த்திகளில் வைத்தார். ஓக்னென் கையில் இருந்தது ஒல்லி. தியோதோரா கையில் இருந்ததும் ஒல்லி. ராதிசாவ் கையில் இருந்தது கம்பம் மாதிரி தடித்திருந்தது. ரூஷா கையில் இருந்ததும் அப்படியே.

"நாலும் ஒரே கட்டுல நான் வாங்கினது" என்றார்.

ரூஷா போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாடி? நீ படத்துல இப்படி விழுவேன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் நின்னியா?"

"நீங்க நிக்கணும்ல."

அவர் ரூஷாவின் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். முகம் கோணிற்று, அழப்போகிறார் என்று யாகொதா நினைத்தாள். அவர் சிரித்தார்.

"யாகொதா, ஓக்னெனுக்குப் பிள்ளை பொறந்தா, பேர் வைக்க நான் இருக்க மாட்டேன். இந்தப் படத்தைக் காட்டு. கூம் ராதிசாவ் நல்லா தடியா இருப்பாருன்னு சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பொய்யொண்ணும் இல்லையே. அப்படி இருந்தவன்தானே நான்."