பழகாத பிரஷ்

“இது வேணாம். வேற காட்டுங்க.”

கண்ணாடி மேசையின் மேல் ஏற்கெனவே ஒரு வரிசை ஷேவிங் பிரஷ்கள் நின்றுகொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். புறங்கையில் அழுத்தினாள். முடியை விரித்து அடிவரை பார்த்தாள். கீழே வைத்தாள். கடைக்காரருக்கு மார்பு வரை தாடி. ஷேவிங் சாமான் விற்கிற ஆளுக்கு இவ்வளவு தாடியா என்று, வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. எடுப்பதற்கு முன் திரையில் பெயரைப் பார்த்தாள்.

அண்ணன்.

“எங்கடி இருக்க? பாப்பா வந்தாச்சா, பிரஷ் வந்தாச்சான்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ பிரஷ் வாங்கப் போனியா, மாப்பிள்ளை பாக்கப் போனியா?”

“மூச்சு எப்படி இருக்கு?”

“இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினான். “சீக்கிரம் வாடி.”

அவள் போனைப் பைக்குள் போட்டாள். சீக்கிரம் போவதற்கு அவளுக்கு எந்த உத்தேசமும் இல்லை.

வீட்டில் பழைய பிரஷ் ஒன்று இருந்ததுதான். அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸம்மா போகிற போக்கில், ‘எல்லாத்தையும் சுத்தமா வெச்சுக்கங்க’ என்று சொல்லிவிட்டுப் போக, அண்ணன் அதைப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டான். பசை இளகி, முடி மொத்தமும் பிடியை விட்டுக் கழன்று சேமியா மாதிரி மிதந்தது. ‘கிருமி போச்சுப்பா’ என்றான். ‘பிரஷும் போச்சு’ என்றார் அப்பா.

அப்பா தொலைதூர பஸ் ஓட்டியவர். முகம் வழிக்காமல் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. டிப்போவில் அவருக்குப் பளிங்கு என்று பெயர். கண்டக்டர் விசில் ஊதினால் மற்ற வண்டி நகரும், பளிங்கு வண்டி அவர் சோப்பைக் கழுவினால்தான் நகரும் என்பார்கள். வீட்டிலும் அதே சட்டம். வழித்து முடித்ததும் புறங்கையால் கன்னத்தை ஒரு தடவு தடவி, “சரி, கிளம்பறேன்” என்பார். கிளம்பிவிடுவார். அந்தத் தடவலுக்கும் வாசல்படிக்கும் நடுவில் அவருக்கு வேறு வேலை இருந்து அவள் பார்த்ததில்லை.

‘வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க’ என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நேற்று, தாடையைச் சொறிந்தபடி அப்பா சொன்னார்:

“பாப்பா, ஒரு ஷேவ் பண்ணி விட்டுடும்மா. கிளம்பிடறேன்.”

எங்கே என்று அவள் கேட்கவில்லை.

தெருமுனை சலூன்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடுகிறது, ஒரு கீறல் விழுந்தாலும் நிறுத்துவது கஷ்டம் என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்டார். திறந்த பெட்டியை மூடினார். “எனக்குக் கை வராதுங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். எலெக்ட்ரிக் மெஷின் வாங்கலாம் என்று அண்ணன் சொன்னதற்கு, “நான் என்ன புல்தரையா?” என்றார் அப்பா.

கடைசியில் அது அவள் தலையில் விழுந்தது. பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பூவும் பெயரும் போடுவது அவள் வேலை. நடுங்காத கை. “நல்ல பிரஷ்ஷா மட்டும் வாங்கிட்டு வா” என்றார் அப்பா. “அது முடிய நிமித்தி ஊற வெச்சுடும். அப்புறம் பிளேடு சும்மா ஊர்வலம் போனாப் போதும்.”

மட்டமான பிரஷ் வாங்கினால் ரத்தம். நல்ல பிரஷ் வாங்கினால்...

அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

“இது நைலான்மா” என்றார் தாடிக்காரர். “மட்டமா நெனைக்காதீங்க, இப்பல்லாம் அருமையா வருது. நனைச்ச உடனே வேலைக்குத் தயார்.”

“உடனேவா?”

“உடனே.”

“வேணாம்.”

அவர் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். “அப்ப இதப் பாருங்க. பேட்ஜர்னு வளை தோண்டற ஒரு பிராணி, அதோட முடி. தண்ணிய அப்படியே பிடிச்சுக்கும். அழுத்திப் பாருங்க.”

அழுத்தினாள். பூனைக்குட்டி வயிறு. அழுத்தம் விட்டதும் முடி முழுக்க நிமிர்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. இழுத்துப் பார்த்தாள். ஒரு முடிகூட வரவில்லை. பிடி, ஈரக் கையிலும் வழுக்காது போலிருந்தது. இதைவிட நல்ல பிரஷ் உலகத்தில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. சூடு பட்டதுபோல் மேசையில் வைத்தாள்.

“வேணாங்க.”

தாடிக்காரர் தாடியை உருவிக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்கம்மா. எல்லாரும் குறை இருந்தா வேணாம்பாங்க. நீங்க நல்லா இருந்தா வேணாங்கறீங்க.”

மேசையின் ஓரத்தில், வெளிறிய முடியோடு விறைப்பாக ஒன்று நின்றது. எடுத்துப் புறங்கையில் வைத்தாள். ஊசி ஊசியாகக் குத்தியது.

“அது பன்னி முடி. இப்ப அப்படித்தான் குத்தும். பழகணும். தெனம் ஊற வெச்சு, நுரை கட்டி, காய வெச்சு... பழகப் பழக ஒவ்வொரு முடியும் நுனியில ரெண்டா பிளந்துக்கும். அப்புறம் பட்டு. ஆனா பொறுமை வேணும்.”

“எவ்ளோ நாளாகும்?”

“ஒரு மாசம் வெச்சுக்கங்களேன். அவசரம்னா இதவிட—”

“இல்ல. இதையே குடுங்க.”

அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு மாதம். ஆஸ்பத்திரியில் எவ்வளவு கேட்டும் ஒருவரும் தராத ஒரு மாதம். கடையில், கண்ணாடி மேசையின் ஓரத்தில் கிடைத்தது.

*

அப்பா கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினார். பிரஷ்ஷைக் கொடுத்தாள். கட்டைவிரலால் நுனியை ஒரு தடவை அழுத்தினார்.

“பன்னி முடி.”

“ஆமாப்பா. பழக ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் மூஞ்சில வெக்கவே கூடாதுன்னு கடைக்காரரு கண்டிப்பா சொல்லிட்டாரு.”

பின்பாதி அவளுடைய சொந்தச் சரக்கு. அப்பா கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற பார்வை அது. நிதானமாகப் பார்த்தார்.

“கெட்டிக்காரி” என்றார். அவ்வளவுதான். பிறகு, “உன் கை எதுக்கு இருக்கு?”

“என்னப்பா?”

“வெந்நீர்ல போட்டு ஊற வை. சோப்பப் போட்டு உள்ளங்கையில தேய். மூஞ்சில பழகறதக் கையில பழக்கு. விடாம தேய்ச்சா ஓரளவுக்கு வழிக்கு வரும்.”

“ஒரு மாசம்னு சொன்—”

“என்கிட்ட ஒரு மாசம் இல்லம்மா.”

அண்ணன் சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறந்தான். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். சர், சர் என்று தென்னந்துடைப்பம் பெருக்குகிற சத்தம். உள்ளங்கை சிவந்தது. வெளிறிய நுரைக்குள் ஒரு முடி தெரிந்தது. இன்னொன்று. அவளுக்கு உயிர் வந்தது.

“அப்பா, முடி உதிருது! மட்டம். ஏமாத்திட்டாரு. நான் போய் மாத்திட்டு வந்துடறேன்.”

“புதுசுன்னா நாலு உதிரும். நடுவுல பிடிச்சு இழு. கொத்தா வருதா?”

இழுத்தாள். வேண்டிக்கொண்டே இழுத்தாள்.

“வரல.”

“அப்ப நல்ல பிரஷ்தான். தேய்.”

தேய்த்தாள். நுரையைக் கழுவினாள். மறுபடி தேய்த்தாள். வெயில் கட்டில் காலிலிருந்து மெத்தைக்கு ஏறியது. அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கையின் வேகத்தைக் குறைத்தபோது, மூடிய கண்ணோடு அவர் குரல் வந்தது.

“சத்தம் மாறிடுச்சு பாப்பா.”

இன்ஜின் கேட்டுப் பழகிய காது. மாறித்தான் இருந்தது. சர் சர் போய், உஸ் உஸ் என்று ஆகியிருந்தது. நுரை தடித்து, கேக் க்ரீம்போல் நுனி விழாமல் நின்றது. இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டதே, துரோகி என்று அவள் மனசுக்குள் பிரஷ்ஷைத் திட்டினாள்.

தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அண்ணன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“எனக்கு ரத்தம்னா ஆகாதுடி. கண்ட உடனே சாஞ்சுடுவேன்.”

“கிண்ணத்தோட சாயாத” என்றார் அப்பா.

நுரையை முகம் முழுக்கத் தடவினாள். கன்னம் கிண்ணமாகக் குழிந்திருந்தது. பிரஷ் அந்தக் குழிக்குள் போய் மெதுவாகச் சுற்றியது. குத்தவில்லை. அப்பாவின் வாயோரம் லேசாக இளகியது.

பிளேடை வைத்தாள். எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். எத்தனையோ கேக்குகளில் தயங்காத கை. ஒரு இழுப்பு. நின்று பார்த்தாள். வெள்ளைதான். சிவப்பு இல்லை. இன்னொரு இழுப்பு. பார்த்தாள். இல்லை.

“அழுத்தாத. வண்டி இறக்கத்துல இருக்கு. தானாப் போகும்.”

தாடைக்குக் கீழே வந்தாள். அங்கே தோலுக்கு அடியில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. விட்டு விட்டு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். துடித்தது. பிளேடை நகர்த்தினாள். நிறுத்தினாள். துடித்தது. நகர்த்தினாள்.

வலது பக்கம் முடிந்தது. ஒரு கீறல் இல்லை. பளிங்கு.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. புறங்கை, கன்னத்தை நோக்கி.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். மறு கையால் துண்டை எடுத்து இடது கன்னத்தில் இருந்த நுரையை ஒரே துடைப்பாகத் துடைத்தாள்.

“மிச்சம் நாளைக்கு.”

அண்ணன் திரும்பினான். “என்னடி பண்ற? பாதியில?”

“தண்ணி ஆறிடுச்சு. எனக்குக் கை வலிக்குது. நாளைக்கு.”

“தண்ணிய நான் சுட வெச்சுத் தரேன்டி—”

“நீ எதையும் சுட வெக்க வேணாம். நாளைக்குன்னா நாளைக்கு.”

அப்பா அவளையே பார்த்தார். ஒரு கன்னம் மின்னியது. மறு கன்னத்தில் நரை முள் ஈரமாகப் படிந்திருந்தது.

“பாதி மூஞ்சியோட எப்படி பாப்பா கிளம்பறது?”

அவள் பிளேடைத் துடைத்தாள். துடைத்த பிளேடையே மறுபடி துடைத்தாள்.

“சரி” என்றார் அப்பா. “நாளைக்கே பண்ணு.” கண்ணை மூடிக்கொண்டார். “பிரஷ்ஷ உதறித் தலைகீழாத் தொங்க விடு. அடியில தண்ணி நின்னா முடி அழுகிடும்.”

பிடியில் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். கீழே ஒரு கிண்ணம் வைத்தாள். சொட்டு, சொட்டு.

ஜெயித்துவிட்டாள். நாளைக்கும் இதையே சொல்லலாம். மீசைக்குக் கீழே மட்டும், தாடையில் மட்டும் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். அடுக்களையில் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். நேற்றிலிருந்து இப்போதுதான் பசித்தது.

“பாப்பா.”

அண்ணன் குரல். சத்தமே போடவில்லை. அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. ‘டி’ போடாமல் அவனுக்குப் பேச வராது. பாப்பா என்பது அப்பா மட்டும் கூப்பிடுகிற பெயர்.

மிச்ச ரொட்டியைக் கீழே வைத்தாள். அவள் போவதற்கு அவசரப்படவில்லை. கையைக் கழுவினாள். துடைத்தாள். பிறகு போனாள்.

ஜன்னலில் பிரஷ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

*

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் செல்போனில் ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னான். வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

“இப்படியே எப்படிடி அனுப்பறது? பாதி...”

அவள் வெந்நீர்க் கிண்ணத்தோடு ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

பிரஷ்ஷை நனைத்தாள். சோப்பில் சுற்றினாள். சத்தமே வரவில்லை. இடது கன்னத்தில் வைத்தாள். அது படர்ந்து, குழிந்து, நிமிர்ந்தது. பட்டு.

இனிமேல் கீறினாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவள் அழுத்தவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் நின்று பார்த்தாள். தாடைக்குக் கீழே வந்தபோது, பழக்கத்தில், பிளேடை நிறுத்திக் காத்திருந்தாள். அண்ணன் கிண்ணத்தைப் பிடித்திருந்தான். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

“அவ்ளோதான்டி” என்றான் மெதுவாக. “நகர்த்து.”

நகர்த்தினாள்.

துண்டால் துடைத்தாள். காதோரம் ஒட்டியிருந்த ஒரு பிரஷ் முடியை நகத்தால் எடுத்தாள். பிறகு, தன் புறங்கையால் அவர் கன்னத்தை ஒரு தடவு தடவினாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மழமழவென்று வழித்த முகம்.

“கிளம்பலாமாங்க?”

அவள் பிரஷ்ஷை நல்ல தண்ணீரில் அலசினாள். உதறினாள். ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

“இருங்க” என்றாள். “இன்னும் தண்ணி வடியல.”

முடியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது.