டேங்குக்குள் போகாத பம்ப்

என்றைக்காவது கோதண்டபாணி தன் கடைப் படியேறி வருவான் என்று ஃபிர்தௌஸ் காத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கையில் செத்துப்போன ஒரு ஃபியூல் பம்போடு வருவான் என்று நினைக்கவில்லை.

முன்பு இருவரும் கூட்டாக அடையாறில் ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். பழைய கார்களின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் கிட் பொருத்தித் தருவது தொழில். அப்படிச் செய்துகொடுத்த கார் ஒன்று தீப்பிடித்தது. பெட்ரோல் குழாயின் கிளாம்பைச் சரியாக முடுக்காமல் விட்டவன் கோதண்டபாணி. ஆனால் பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டது வேறு: ‘ஃபிர்தௌஸ் பண்ண வயரிங். இனிமே அவங்க கை வெச்ச வண்டிய நம்பாதீங்க.’ அதோடு அவளைத் தேடி யாரும் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பை அவனிடமே விட்டுவிட்டு, திருவான்மியூரில் உதிரிபாகக் கடை போட்டாள். அவன் பெயர் காதில் விழுந்தாலே பல்லைக் கடிப்பாள்.

“தி.நகர் ஜவுளிக்கடை சண்முகவடிவு அம்மாவோட வண்டி. அந்தக் கூரையில்லாத பழைய கார்,” என்றான். “நாமதான கிட்டு போட்டோம்? பம்ப் போயிடுச்சு. இந்த வாரம் அவங்க புள்ள கல்யாணம். மாப்ள ஊர்வலம் அதுலதான். இந்த பிரஷருக்கு வேற எங்கயும் பம்ப் கெடைக்கல.”

அவள் இரண்டு பம்புகளை மேசைமேல் வைத்தாள். இரண்டும் ஒரே பிரஷர் தரும். ஒன்று டேங்குக்குள் போவது. மற்றது வண்டிக்கு அடியில், வெளியே மாட்டுவது.

“ஊர்வலத்துல வண்டி ஊர்ந்துக்கினுதான் போவும். மே மாச வெக்க, பக்கத்துல சைலன்சர் சூடு. வெளிய மாட்டுனா பெட்ரோல் பம்புக்குள்ளயே ஆவியாயி வண்டி நின்னுடும். டேங்குக்குள்ள போறது பெட்ரோல்லயே முழுகிக்கினு கீது, சூடாவாது. டேங்க எறக்கணும், வேல ஜாஸ்தி. ஆனா இத்தான் சரி.”

அவன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“எனக்கு நல்லது சொல்ல உனக்கு இன்னா வந்துச்சு? டேங்க எறக்கிப்போட்டு, நேரத்துக்கு வண்டி ரெடியாவாம நான் அசிங்கப்படணும். அதான?”

“சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்.”

வெளியே மாட்டுகிற பம்பை எடுத்துக்கொண்டு போனான். எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தான் உண்மையைச் சொன்னால் அவன் அதை நம்பமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பக்கத்துக் கடையில் கார் சீட் தைக்கும் வலியுல்லா, டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அந்தம்மாவுக்கு ஒரு போனப் போட்டு சொல்லிடேம்மா.”

ஃபிர்தௌஸ் செல்போனை எடுத்தாள். சண்முகவடிவின் எண் திரையில் வந்தது. சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“சொல்ல வேண்டியவன்கிட்ட சொல்லிட்டேன் பாய்.”

ஊர்வலத்தன்று மாலை கடையைச் சீக்கிரமே சாத்தினாள். வலியுல்லாவும் கூட வந்தார். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஒரு பூக்கடை ஓரமாக நின்றார்கள். தவிலும் நாதஸ்வரமும் முன்னால் வர, மாலை போட்ட கார் பின்னால் ஊர்ந்து வந்தது. பட்டுச் சட்டையில் கோதண்டபாணியே ஓட்டினான். பின் சீட்டில் மாப்பிள்ளை; காரை ஒட்டியே சண்முகவடிவு நடந்து வந்தார்.

பூக்கடையைத் தாண்டியதும் வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை. அப்புறம் நின்றேவிட்டது.

அவன் சாவியைத் திருகினான், திருகினான். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. தண்ணீர் பாட்டிலோடு வண்டிக்கடியில் படுத்து பம்பின்மேல் ஊற்றினான். எழுந்தபோது பட்டுச் சட்டை முழுக்க கிரீஸ். ஃபிர்தௌஸுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போது அவன் அவளைப் பார்த்துவிட்டான்.

“இதோ நிக்கறா பாருங்கம்மா! இவதான் ஓட்ட பம்பக் குடுத்து பழி தீத்துக்கினா!”

வலியுல்லா முன்னால் போனார். “நான் அங்கதான் இருந்தேன். ரெண்டையும் எதிர்ல வெச்சி, வெளிய மாட்டுறது நின்னுபூடும்னு தெளிவாத்தான் சொல்லுச்சு அந்தப் பொண்ணு.”

சண்முகவடிவு அவனிடம் திரும்பினார். “சொன்னாளா, இல்லையா? கேக்கேன்லா?”

அவன் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்தான்.

“அன்னிக்கு தீப்புடிச்சதும் என் வயரிங்கால இல்ல,” என்றாள் ஃபிர்தௌஸ். “கிளாம்ப முடுக்காதது யாரு? சொல்லு பாணி, எல்லாரும் கீறாங்க.”

ஊர்வலத்தில் பாதிப் பேர் சண்முகவடிவைப்போலவே பழைய கார்க்காரர்கள், அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள். பலர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

“நான்தான்,” என்றான்.

“சத்தமா.”

“நான்தான் முடுக்கல!”

மாப்பிள்ளை இறங்கி மண்டபத்துக்கு நடந்தே போனான்.

கல்யாணச் சந்தடி ஓய்ந்ததும் அந்தக் கார் கட்டியிழுக்கப்பட்டு ஃபிர்தௌஸின் கடைக்கு வந்தது. கூடவே சண்முகவடிவும் வந்தார்.

“என் நம்பர் உன்கிட்ட இருந்துச்சுல்லா? ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே.”

“சொல்லிருக்கலாம்மா. சொல்லல.”

“எம்புள்ள நடுரோட்டுல நடந்து போனான்.”

“அதுக்கு மட்டும் மன்னிச்சிக்கங்கம்மா.”

 சண்முகவடிவு வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மழைக்காலத்துக்குள் அடையாறு ஒர்க்‌ஷாப் மூடப்பட்டது. கோதண்டபாணி இப்போது கோட்டூர்புரத்தில் யாரோ ஒருவருடைய கேரேஜில் கூலிக்கு வேலை செய்கிறான். ஃபிர்தௌஸ் வீட்டுக்குப் போக அந்தத் தெரு வழியில்லை. இருந்தாலும் அவள் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறாள். ஏதாவது வண்டிக்கடியில் அவன் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தால், ஸ்கூட்டரைக் கொஞ்சம் மெதுவாக்குகிறாள்.