அண்ணன் கேட்ட பேட்டரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கார் ஒரு காலையில் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால் கிடைத்த கதை இது. பேட்டரிக் கடை அம்மா புதுசை மாட்டிக்கொண்டே தன் அண்ணனைத் திட்டித் தீர்த்தார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றேன். அவரை இனி தங்கை என்றே சொல்கிறேன்.

2

‘ஏரி கண்ணாடிபோல…’ (வேண்டாம். ஏரியைப் பார்த்தாலே எழுதுகிறவர்களுக்குக் கண்ணாடி ஞாபகம் வந்துவிடுகிறது.)

‘பேட்டரிகள் இரு வகைப்படும். அவையாவன…’ (ஐயோ, பாடப்புத்தகம்!)

சரி, நேராகவே வருகிறேன். அண்ணன் இருபது வருஷம் கார் மெக்கானிக். இப்போது கையில் இருந்ததையெல்லாம் போட்டு, பேட்டரியில் ஓடும் பயணிகள் படகு ஒன்று வாங்கிவிட்டார். அதிகாரி முன்னால், ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஏரியைச் சுற்றிக் காட்டினால்தான் உரிமம். இல்லாவிட்டால் இந்த வருஷம் முழுக்கப் படகு கரையில்தான்.

“நல்லா உதைக்கிற பேட்டரியா குடு.”

“அண்ணா, அது காருக்கு. கிளப்பி விட ஒரே உதை, அதோட அது வேலை முடிஞ்சுது. படகுக்கு நிதானமா மணிக்கணக்கில ஓடுறது வேணும். அது வேற வகை.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? கேட்டதைக் குடு.”

கொடுத்துவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

3

[இங்கேதான் எனக்குச் சந்தேகம். தெரிந்தே தப்பான பேட்டரியை விற்பாரா? கேட்டேன். “வித்தேங்க. அவ்வளவு கோபம். கடையைப் பூட்டுறதுக்குள்ள சரியானதை எடுத்து சார்ஜ் போட்டுட்டேன்.”]

4

சோதனை நாளன்று, கை பிய்ந்துபோகிற கனத்தில் சரியான பேட்டரியை ஒரு பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு பயணிகளோடு பயணியாக ஏறி உட்கார்ந்தார் தங்கை. அண்ணன் பார்த்தார். பார்க்காதமாதிரி மோட்டாரைப் போட்டார்.

முப்பத்தைந்தாவது நிமிஷம். நடு ஏரி. மோட்டார் முனகிவிட்டுப் படுத்துவிட்டது.

“பேட்டரியா? பத்து நிமிஷம் தர்றேன். வேற வெச்சிருக்கீங்களா?” என்றார் அதிகாரி.

அண்ணன் பையைப் பார்த்தார். தங்கை தண்ணீரைப் பார்த்தார்.

5

“மீதியை நீங்களே எழுதிக்குங்க” என்று பில்லை நீட்டிவிட்டார் தங்கை.

முடிவு அ: அண்ணன் மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: தங்கை தானாகவே எடுத்துக் கொடுக்கிறார். (படித்துக் காட்டினேன். “ஏன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா முத்து உதிர்ந்துடுமா?” என்று ஸ்பானரை ஓங்கினார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு இ: அதிகாரி மனம் இளகி…

இல்லை, என்னால் ஆகாது. எட்டு நிமிஷம் போய்விட்டது. அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது, தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள், வாய்தான் வரமாட்டேன் என்கிறது. நானோ கரையில் நிற்கிறேன், கத்தினாலும் கேட்காது. அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். ஏதாவது சொல்லித் தொலையுங்களேன்!