குறட்டையால் பிழைத்தவர்

நிஸ்தாரிணி எழுதிய புத்தகம் கல்கத்தாவில் அச்சாகி, கமல்டாங்காவுக்குப் படகில் வந்து இறங்கிய அன்று, அவள் கணவர் ஜகத்பந்து மொய்த்ரா இறந்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. அவர் அப்போது படித்துறையில் இலீஷ் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். எழுத்துக் கற்ற பெண் விதவையாவாள் என்பது எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் மண் நனையும் என்பது போல. இவளோ கற்றதோடு நிற்காமல் புத்தகமே போட்டுவிட்டாள். ஆகவே அவர் செத்திருக்க வேண்டும். ஒரு ஆள் நின்று பேசுகிறான் என்பதற்காகச் சாத்திரத்தை மாற்ற முடியுமா என்று தர்க்கபூஷண் பண்டிதர் கேட்டார். படித்தவர்களை நான் நம்புவதில்லை. ஊர் நம்பியது.

மொய்த்ரா முதலில் சிரித்தார். மறுநாள் நாவிதன் மதன் சவரம் செய்ய மறுத்தான். "பொணத்தத் தொட்டா நான் தலை முழுகணும் சாமி. தண்ணி சில்லுனு கெடக்கு." அன்று மாலைக்குள் அவருடைய நிழல் விழாமல் நின்றுவிட்டது. பிறகு கால் விரல்கள் வழியாகத் தரை தெரிந்தது, பிறகு முழங்கால். சாப்பிடும்போது காகங்கள் பக்கத்தில் வந்து மரியாதையாக உட்கார்ந்தன. இதற்கிடையே கல்கத்தாப் பத்திரிகை ஒன்று, இப்படிப்பட்ட வங்காளத்தைப் பெண் எழுத முடியாது, புருஷன்தான் எழுதியிருப்பான் என்று போட்டது. மனைவி எழுதியதால் அவர் செத்தார், அவள் பெயரில் எழுதியவரும் அவரே. இரண்டையும் ஊர் ஒரே வாயால் சொன்னது, யாருக்கும் விக்கவில்லை.

பதினோராம் நாள் காரியம் வைத்தார்கள். அன்று நிஸ்தாரிணியின் சங்கு வளையை உடைத்து, கூந்தலை வெட்டி, அவள் தட்டிலிருந்து ஆயுளுக்கும் மீனை எடுத்துவிடுவார்கள். காலையிலேயே நாத்தனார் கிரிபாலா வெள்ளைப் புடவையும் கத்தரிக்கோலுமாக அடுக்களைக்கு வந்தாள்.

"அழுதுட்டுக் கட்டிக்கோ. பேருகூட எழுதத் தெரியாமலே நான் ஒம்பது வயசுல இந்த வெள்ளையக் கட்டிக்கிட்டவ."

"அப்ப எழுத்து மேல என்ன தப்பு அண்ணி?"

கிரிபாலா கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டு, அடுக்களைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வெளியே இருந்தவர்களால் அதைத் திறக்க முடியவில்லை.

அப்போது அடுக்களை மூலையில் உட்கார்ந்திருந்த மொய்த்ராவில் மீசையும் அதற்கு மேற்பட்டதும்தான் மிச்சம். நிஸ்தாரிணி எழுத உட்கார்ந்தாள். என் கணவர் வள்ளல், பொறுமைசாலி என்று எழுதினாள். மீசையில் பாதி போயிற்று. அதை அடித்துவிட்டு, அவர் குறட்டை மணலில் படகை இழுப்பது போலிருக்கும் என்று எழுதினாள். உடனே மூக்கு தடித்தது. உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுவார் என்றதும் வலது கை வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேளாமல் மீன் தலையைத் தின்பார் என்றதும் தொந்தி முழுசாக வந்து இடுப்பு வேட்டியை நிரப்பியது.

"ஊரே படிக்குமேடி," என்றார் மொய்த்ரா. "கொஞ்சம் நல்லதா எழுதப்படாதா?"

"எழுதித்தான் பாத்தேங்க. ஒண்ணும் ஒட்டல."

குதிகால் வரும்வரை எழுதினாள். அவர் வெளியே போய், தமக்கு வைத்த பிண்டச் சோற்றை உப்புக் குறைவென்று சொல்லிக்கொண்டே தின்று முடித்தார். காகங்கள் எழுந்து போயின.

சாத்திரம் பொய்க்கவில்லை, மொய்த்ரா செத்துத்தான் மீண்டார் என்றார் பண்டிதர். அடுத்த மாதம் அவரே சால்வைக்குள் மறைத்துத் தன் மனைவிக்கு எழுதும் பலகையும் குச்சியும் வாங்கிப் போனார். அவருக்கும் கால் கட்டைவிரல் தெரியவில்லை என்று பேச்சு. கிரிபாலா எழுதக் கற்றாள். காப்பாற்றப் புருஷன் இல்லாததால் தன் பெயரை மட்டும் எழுதிப் பார்த்தாள். அதன்பின் அவள் ஊரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள். வருஷங்கள் போயின. கமல்டாங்காவில் பெண் பார்க்கப் போகிறவர்கள் இப்போது சமையலுக்கு முன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். பையனின் உடம்புக்கு நல்லதாம்.

என் வீட்டுக்காரியும் எழுதுகிறாள். எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதுகிறாள் என்று கேட்டதும் இல்லை. என் தொந்தி மட்டும் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டு வருகிறது.